துவக்கு உதைத்த தோள்: யானை வேட்டைக்காரர் செலூவின் கதை

எங்கள் அப்பப்பாவிடம் ஒரு காலத்தில் இடியன் துவக்கு இருந்தது. வன்னியில் வேட்டைக்குப் போன குடும்பங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. குழலின் வாய்ப்பக்கத்தால் மருந்தைக் கொட்டி, தும்பை அடைத்து, ஈயக் குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். நான் பிறப்பதற்கு முன்பே அந்தத் துவக்கு இல்லாமல் போய்விட்டது. மிஞ்சியிருந்தது அவருடைய வலது தோளில் இருந்த ஒரு மேடு மட்டும்தான். சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்த்து என்னவென்று கேட்போம். துவக்கு உதைத்தது என்பார். பன்றிக்கு வைத்ததில் தனக்கும் ஒரு பங்கு கிடைத்தது என்று சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு வேறொரு பழக்கம் இருக்கிறது. கோயில் திருவிழாவில் வெடி கொளுத்த ஒருவர் நெருப்போடு போவதைக் கண்டதும் என் கண்கள் மூடிவிடும். தோள்கள் காதுவரை ஏறிவிடும். சத்தம் அதற்குப் பிறகுதான் வரும். 2009இல் எனக்குப் பதினேழு வயது. பங்கருக்குள் உடம்பு படித்த பாடம் அது. என் வயதுக்காரர் பலரிடம் இதைக் கண்டிருக்கிறேன். ஆனால் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. வெடிக்குப் பயந்தவர் என்ற பெயர் யாருக்கும் வேண்டியதில்லை.

சில வருடங்களுக்கு முன்னர், பழைய வேட்டைத் துவக்குகள் பற்றி எழுதுவதற்காகத் தேடிக்கொண்டிருந்தபோது பிரெடெரிக் கோர்ட்னி செலூ என்ற ஆங்கிலேயரின் கதை கையில் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப் பிரபலமான ஆபிரிக்க வேட்டைக்காரர் அவர். அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் தங்கள் வீரத்தைத்தான் எழுதினார்கள். செலூ இன்னொன்றையும் எழுதி வைத்தார். தன் துவக்கு தன்னையே கெடுத்துவிட்டது என்பதுதான் அது.

வெறுந்தரையில் படுத்த பையன்

செலூ 1851 டிசம்பர் 31ஆம் திகதி லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர். தந்தை லண்டன் பங்குச் சந்தையில் பெரிய பதவியில் இருந்தார். மகனுக்கோ சிறுவயதிலிருந்தே ஆபிரிக்கா பற்றிய புத்தகங்களில்தான் மனம். விடுதிப் பாடசாலையில் ஒரு நாள் இரவு அவர் கட்டிலை விட்டு வெறுந்தரையில் படுத்திருப்பதைத் தலைமை ஆசிரியர் கண்டாராம். ஆபிரிக்காவில் வேட்டைக்காரனாகப் போவதற்கு உடம்பைப் பழக்குவதாகப் பையன் காரணம் சொன்னான்.

1867 ஜனவரியில் லண்டன் ரீஜன்ட் பூங்காவின் ஏரியில் உறைந்திருந்த பனித்தட்டு, சறுக்கி விளையாடிக்கொண்டிருந்த கூட்டத்தோடு உடைந்தது. நாற்பது பேர் இறந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் பதினைந்து வயது செலூவும் இருந்தார். எழுந்து ஓடாமல் பனித்துண்டுகள்மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து கரைசேர்ந்தார். பாரத்தைப் பரப்பினால் தாங்கும் என்பதை அந்த வயதிலேயே அறிந்த ஒருவர், பின்னாளில் முழுப் பாரத்தையும் ஒரே தோளில் வாங்கினார்.

1871 செப்டெம்பரில், பத்தொன்பதாவது வயதில், 400 பவுண் பணத்தோடு தென்னாபிரிக்காவில் இறங்கினார். அவர் கொண்டுபோன நல்ல இரட்டைக்குழல் துவக்கு, வைரம் தோண்டும் பகுதியில் வைத்து மாட்டுவண்டியிலிருந்து களவு போய்விட்டது. அதற்குப் பதிலாகக் கையிலிருந்த காசுக்கு மலிவான இரண்டு துவக்குகளை வாங்கினார். அந்தக் கொள்வனவுதான் அவருடைய தோளின் கதையைத் தீர்மானித்தது.

ஆறு பவுண் துவக்கு

அவை பேர்மிங்ஹாமில் ஹொலிஸ் என்பவரின் பட்டறையில் செய்யப்பட்டவை. வாத்துச் சுடுவதற்கென்று செய்த, வாய்ப்பக்கத்தால் நிரப்பும் துவக்குகள். ஒன்றின் விலை ஆறு பவுண். குழலின் வாய் ஒரு அங்குலத்துக்கும் சற்று அகலம். உள்ளே போகும் ஈயக் குண்டு நான்கு அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 113 கிராம். எங்கள் ஊர் இடியனுக்கு ஒரு பெரியண்ணன் இருந்தால் அது இப்படித்தான் இருந்திருக்கும்.

மருந்தை அளந்து போடும் பழக்கமும் கிடையாது. இடுப்பில் ஒரு தோற்பை. அதற்குள் வியாபாரிகள் விற்ற மட்டமான கறுப்பு மருந்து. யானையைத் துரத்தி ஓடும்போதே கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் குழலுக்குள் கொட்டுவார். ஒரு தடவை கை கொஞ்சம் நிறைந்திருக்கும், இன்னொரு தடவை குறைந்திருக்கும். தோளுக்கு எவ்வளவு வரப்போகிறது என்பது விசையை இழுக்கும்வரை தெரியாது.

அந்தக் காலத்தில் இவ்வளவு பெரிய குண்டு ஏன் தேவைப்பட்டது? கறுப்பு மருந்தால் குண்டுக்கு ஒரு அளவுக்கு மேல் வேகம் கொடுக்க முடியாது. வேகம் கிடைக்காதபோது எடையைக் கூட்டினார்கள். யானையின் தடித்த தோலையும் எலும்பையும் துளைக்க அது ஒன்றே வழி என்று நம்பினார்கள்.

ஆனால் முன்னால் போவது எதுவோ அதற்கு ஈடாகப் பின்னாலும் ஒன்று வரும். செலூவின் துவக்கு ஏறக்குறைய ஐந்தே முக்கால் கிலோ. குண்டைவிட ஐம்பது மடங்கு பாரம். அப்படியென்றால் குண்டு முன்னால் பறக்கும் வேகத்தில் ஐம்பதில் ஒரு பங்கு வேகத்தோடு துவக்கு பின்னால் பாயும். குண்டோடு சேர்ந்து வெளியேறும் மருந்தின் புகையும் வாயுவும் தங்கள் பங்குக்கு இன்னும் தள்ளும். இதைத்தான் பின்னுதைப்பு என்கிறோம்.

ஐந்தே முக்கால் கிலோ என்பது பாரமான துவக்கு என்று தோன்றலாம். இந்த அளவு ரவைக்கு அது பாரமே இல்லை. இதற்கு எங்கள் தீவிலேயே ஒரு ஒப்பீடு இருக்கிறது. 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் குடியேறி யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கரிடமும் இதே வாயளவு கொண்ட துவக்கு ஒன்று இருந்தது. பிரிஸ்டலில் கிப்ஸ் பட்டறையில் 1840இல் செய்தது. அதன் எடை 21 பவுண், ஒன்பதரைக் கிலோ. ஒரே அளவு மருந்தும் குண்டும் போட்டால், பேக்கரின் துவக்கைவிட செலூவின் துவக்கு ஒன்றரை மடங்குக்கும் கூடுதலான சக்தியோடு தோளில் மோதும். பேக்கர் அந்தப் பாரத்தைச் சுமந்து நடந்தார். செலூ சுமக்கும் பாரத்தைக் குறைத்துக்கொண்டு மிச்சத்தைத் தோளில் வாங்கினார்.

எழுபத்தெட்டு யானைகள்

1872இல் செலூ புலவாயோ போய் இண்டெபெலே அரசர் லோபெங்குலாவைச் சந்தித்தார். யானை வேட்டைக்கு அனுமதி கேட்டார். அரசருக்குச் சிரிப்பு வந்தது. இருபது வயதுப் பையன் சின்ன மானைச் சுடவல்லவா வந்திருக்கிறான் என்ற எண்ணம். யானைகளே இவனைத் துரத்திவிடும் என்று நினைத்து அனுமதி கொடுத்தார்.

யானைகள் இருந்த காட்டில் செட்சி ஈ இருந்தது. அது கடித்தால் குதிரை சாகும். அதனால் நடந்துதான் வேட்டையாட வேண்டும். சிகார் என்று அழைக்கப்பட்ட உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர்தான் செலூவுக்கு நடந்து யானை வேட்டையாடப் பழக்கினார். ஒரு தொப்பி, ஒரு சட்டை, ஒரு சோடி சப்பாத்து. அவ்வளவுதான் உடை. 1872 முதல் 1874 வரை அந்த ஆறு பவுண் துவக்குகளால் செலூ 78 யானைகளைக் கொன்றார். தந்தத்துக்காக. இந்த எண்ணிக்கையை இன்று வாசிக்கும்போது எனக்கு வியப்பு வரவில்லை, வயிறு கனக்கிறது.

அந்த வருடங்களில் ஒரு நாள், விசையை இழுத்தும் துவக்கு வெடிக்கவில்லை. துவக்குத் தூக்கி வந்தவரிடம் அது திரும்பிப் போனது. யானை பக்கத்தில் நின்ற பரபரப்பில், உள்ளே இருந்த மருந்துக்கும் குண்டுக்கும் மேலேயே இன்னொரு முறை மருந்தும் குண்டும் போடப்பட்டன. அடுத்த முறை அது வெடித்தது.

செலூ நிலத்திலிருந்து தூக்கி எறியப்பட்டு, காற்றில் திரும்பி, முகம் மணலில் புதைய விழுந்தார். துவக்கு அவருடைய தோளுக்கு மேலாகப் பறந்து தூரத்தில் கிடந்தது. வலது கையைத் தூக்க முடியவில்லை. கன்னத்து எலும்புக்குக் கீழே ஆழமாகக் கிழிந்து இரத்தம் கொட்டியது. அந்தத் துவக்கின் மரக்கட்டையை யானைக் காதின் உட்தோலைப் பச்சையாகச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். காய்ந்தால் இரும்புபோல இறுகும் தோல் அது. அப்படியிருந்தும் கட்டை நொறுங்கிப் போயிருந்தது. குழல் வெடிக்காததுதான் அதிசயம். கன்னத்தில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது.

தழும்பைவிட ஆழமானது

1881இல் தன் வேட்டை வாழ்க்கை பற்றிய முதல் புத்தகத்தை செலூ வெளியிட்டார். அந்தத் துவக்குகளைப் பற்றி அவர் எழுதியதில் இரண்டு பக்கமும் இருக்கிறது. அவைபோல் ஆழமாகத் துளைத்த துவக்கைத் தான் அறிந்ததில்லை என்கிறார். அதே நேரம், அவற்றை ஒருபோதும் தொட்டிருக்கக் கூடாது என்றும் வருந்துகிறார். அவற்றின் உதை தன் நரம்புகளைப் பாதித்துவிட்டது, பின்னாளில் வேறு துவக்கால் சுடும்போதும் அது தன்னை விடவில்லை என்று ஒத்துக்கொள்கிறார்.

இதை வாசித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிங்கத்துக்கும் யானைக்கும் முன்னால் நின்ற மனிதர். காயம் ஆறி, துவக்கும் மாறிய பிறகும் அவருடைய தோள் மாறவில்லை. கையில் இருப்பது மெல்லிய துவக்கு என்று மூளைக்குத் தெரியும். விசையில் விரல் படும்போது தோளுக்கு அது தெரியாது.

துவக்குச் சுடப் பழக்குபவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விடயம். உதை வருவதற்கு முன்பே உடம்பு உதைக்குத் தயாராகிறது. கண் மூடும். தோள் முன்னால் தள்ளும். கை இறுகும். விசையை மெல்ல அழுத்தாமல் வெடுக்கென்று இழுக்கும். குழல் கீழே சரியும். ரவை குறி தவறும். இதைச் செய்பவருக்குத் தான் செய்வது தெரியாது, ஏனென்றால் வெடிச் சத்தம் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். சுடுபவருக்குத் தெரியாமல் இன்னொருவர் துவக்குக்குள் சில நேரம் உண்மை ரவையையும் சில நேரம் வெற்று ரவையையும் போட்டுக் கொடுப்பார். வெற்று ரவையில் விசை விழும்போது சத்தமும் இல்லை, உதையும் இல்லை. ஆனாலும் குழல் கீழே குத்தும். இல்லாத அடிக்கு உடம்பு குனிவதை அப்போது எல்லோரும் காணலாம். திருவிழாவில் என் தோள்கள் காதுவரை ஏறுவதும் இதுதான்.

செலூ கண்ட வழி

செலூ செய்த முதல் வேலை, சுமையைக் குறைத்தது. சில வருடங்களில் வாய்ப்பக்கத்தால் நிரப்பும் துவக்கைக் கைவிட்டு, பின்பக்கத்தால் ஒற்றை ரவை போடும் கிப்ஸ் துவக்குக்கு மாறினார். பேக்கரின் துவக்கைச் செய்த அதே பிரிஸ்டல் பட்டறை. அதன் வாய் அரை அங்குலத்துக்கும் குறைவு. மருந்து அளந்து அடைத்த ரவை, ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே அளவு உதைதான் வரும். அந்தச் சின்ன வாயாலும் யானை விழுந்தது.

அவருக்குப் பின் வந்த டபிள்யூ. டி. எம். பெல் என்ற வேட்டைக்காரர் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். யானையின் மண்டையோட்டை அறுத்து, மூளை எங்கே இருக்கிறது என்று படித்தார். பிறகு ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார், பெரும்பகுதியை ஏழு மில்லிமீற்றர் ரவை போடும் மெல்லிய துவக்கால். 1890களுக்குப் பின் பரவிய புகையில்லா மருந்து சின்ன ரவைக்கும் பெரிய வேகம் கொடுத்திருந்தது. உதைக்குப் பயமில்லாத தோள் குறி தவறாது என்பதைக் காட்டினார். யானைகளுக்கு அது நல்ல செய்தியாக இருக்கவில்லை.

செலூவின் பாடத்தை இன்றைய வேட்டைக்காரர்கள் புதிதாகப் படிக்கிறார்கள். மலையேறி வேட்டையாடுவோர் மூன்று கிலோவுக்கும் குறைந்த துவக்கைக் கேட்கிறார்கள், அதற்குள் மக்னம் எனப்படும் கூடிய சக்தி கொண்ட ரவையையும் கேட்கிறார்கள். நான்கு கிலோ துவக்கை மூன்று கிலோவாக்கினால் அதே ரவையின் உதைச் சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடும். செலூவின் வாத்துத் துவக்குக்கும் இதற்கும் கணக்கு ஒன்றுதான்.

கைமருந்துகள் பல உண்டு. மரக்கட்டையின் முடிவில் தடித்த இறப்பர் மெத்தை வைத்தால் உதை மறையாது, ஆனால் கொஞ்சம் நேரம் எடுத்து, கொஞ்சம் இடம் பரந்து வரும். அதனால் நோவு குறையும். குழல் வாயில் பக்கத் துளைகள் உள்ள மூடியைப் பூட்டினால் வாயு பக்கவாட்டில் பிரிந்து உதையை நன்றாகக் குறைக்கும், ஆனால் அந்தச் சத்தம் சுடுபவரின் காதையும் பக்கத்தில் நிற்பவரின் காதையும் இடிக்கும். கட்டையின் நீளம் ஆளின் கைக்குப் பொருந்த வேண்டும். துவக்கைத் தளர்வாகப் பிடித்தால் அது வேகம் பிடித்து வந்து அடிக்கும், தோளோடு சேர்த்துப் பிடித்தால் தள்ளும். தொலைநோக்கிக் கண்ணாடிக்கு மிகக் கிட்டக் கண்ணை வைப்பவர்களுக்குப் புருவத்தில் வெட்டு விழும், செலூவின் கன்னத் தழும்புக்கு ஒரு சின்னத் தம்பிபோல.

ஆனால் ஒருமுறை குடிகொண்ட பயத்துக்கு இவை போதாது என்கிறார்கள். பெரிய துவக்கைக் கீழே வைத்துவிட்டு உதையே இல்லாத சின்ன ரவைக்குத் திரும்ப வேண்டும். காதை நன்றாக மூட வேண்டும், ஏனென்றால் பயத்தில் பெரும்பங்கு சத்தத்துக்குத்தான். ஒரு நாளைக்குக் கொஞ்சமாகச் சுட்டு, நோவு வருமுன் நிறுத்த வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பெரிய துவக்காலேயே சுட்டுப் பழகுவோம் என்றால் பயம் இன்னும் ஆழமாகும்.

அவர் எழுதாத உதை

செலூவின் கதையை இத்தோடு நிறுத்தினால் அது பாதிக் கதை. யானைப் பாதைகளை அறிந்த கால்கள் பிறகு வேறு வேலைக்கும் போயின. 1890இல் செசில் றோட்சின் பிரித்தானிய தென்னாபிரிக்கக் கம்பனி, சோனா மக்களின் நிலத்துக்குள் ஒரு படையணியை அனுப்பியது. வழிகாட்டி செலூ. காட்டை வெட்டி அவர் காட்டிய பாதையில் குடியேறிகள் போனார்கள். 1893இல் கம்பனி லோபெங்குலாவோடு போருக்குப் போனபோது செலூ அதிலும் சேர்ந்து காயப்பட்டார். பையன் என்று சிரித்து அனுமதி கொடுத்த அரசர் தன் தலைநகரை விட்டு ஓடி, சில மாதங்களில் இறந்தார். 1896இல் இண்டெபெலே மக்கள் கிளர்ந்தபோது செலூவின் வீடும் எரிந்தது. அவர் மறுபடியும் கம்பனியின் பக்கத்தில் நின்று சண்டையிட்டார்.

தன் தோளில் பட்ட உதையை அவ்வளவு நேர்மையாக எழுதிய மனிதர், அந்த நிலத்துக்குப் பட்டதைத் தன் பக்கத்திலிருந்துதான் எழுதினார். எரிக்கப்பட்ட தானியக் குதிர்களுக்கு நடுவே வளர்ந்த ஒரு இண்டெபெலே பிள்ளை, பிறகு எந்தச் சத்தத்துக்குக் குனிந்தது என்பதற்கு அவருடைய புத்தகங்களில் இடமில்லை. எங்களைப் போன்ற வாசகர்கள் அந்த இடைவெளியைக் கவனிக்காமல் போக முடியாது. 1970களில் ரோடேசிய வெள்ளையர் அரசு, விடுதலைப் போராளிகளை வேட்டையாட அமைத்த படைப்பிரிவுக்கு செலூவின் பெயரையே வைத்தது.

புளியமரத்தின் கீழ்

1894இல் திருமணம் செய்த செலூ, பிறகு இங்கிலாந்தில் குடியிருந்தார். முதலாம் உலகப்போர் தொடங்கியபோது வயது 62. முதலில் வயதைக் காரணம் காட்டி மறுத்தார்கள். அவர் விடவில்லை. 1915இல் படையோடு மொம்பாசாவில் இறங்கினார். 1917 ஜனவரி 4ஆம் திகதி, இன்றைய தன்சானியாவில் றூபிஜி ஆற்றுப் பக்கம், பெஹோ பெஹோ என்ற இடத்தில் ஜேர்மன் தரப்புத் துவக்குக்காரர் ஒருவரின் ரவை தலையில் பட்டு இறந்தார். வயது 65. சரியாக ஒரு வருடம் கழித்து, 1918 ஜனவரி 4ஆம் திகதி, விமானப்படையில் இருந்த அவருடைய மகனும் கொல்லப்பட்டார். தாய் ஒருவருக்கு ஒரே திகதியில் இரண்டு திவசம்.

செலூவை அவர் விழுந்த இடத்துக்குக் கிட்ட ஒரு புளியமரத்தின் கீழ் புதைத்தார்கள். பிற்காலத்தில் அந்தக் காடு அவருடைய பெயரிலேயே வனவிலங்குச் சரணாலயமானது. 2019இல் அதன் பெரும்பகுதி பிரிக்கப்பட்டு, தன்சானியாவின் முதல் சனாதிபதி நியரேரேயின் பெயரில் தேசியப் பூங்காவானது.

நான் அவரை ஒரு வீரராக இங்கே எழுதவில்லை. யானைகளும் இண்டெபெலே மக்களும் அதற்கு இடம் தரமாட்டார்கள். ஆனால் அந்த ஒரு ஒப்புதலுக்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். உடம்பு அடியை நினைவில் வைத்திருப்பது கோழைத்தனம் இல்லை, தோள் கெட்டதற்குத் தோளைக் குற்றம் சொல்ல முடியாது என்பதை அதில்தான் கண்டேன்.

இந்த வருடத் திருவிழாவில் வெடி கொளுத்தும் நேரம் வந்ததும் நான் கூட்டத்தை விட்டு விலகி, தெற்கு வீதி மூலையில் போய் நின்றேன். இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டேன். ஒளிக்கவில்லை. சற்று நேரத்தில் பார்த்தால், அங்கே என்னைப்போல் இன்னும் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.